இறைச்சியின் பேரைக் கேட்டுச் சாப்பிடு

நமுனுகுல

அன்பு மருமகனுக்கு,

பசறையில் சிநேகிதன் வீட்டு விருந்துக்குக் காட்டுப்பன்றி சமைக்கிறார்கள், சாப்பிடலாமா என்று கேட்டிருந்தாய். மாட்டிறைச்சி சாப்பிட்டால் உனக்கு உடம்பெல்லாம் தடித்துவிடும். அதனால் வேண்டாம் என்பதுதான் என் பதில்.

மாடு வேறு, பன்றி வேறுதானே என்பாய். மாடு, ஆடு, பன்றி, மரை, முயல் எல்லாவற்றின் இறைச்சியிலும் ஆல்ஃபா-கேல் என்ற ஒரு சர்க்கரை இருக்கிறது. மனிதனுக்கும் அவனுக்கு நெருங்கிய குரங்கினங்களுக்கும் அது இல்லை. சிலவகை உண்ணிகள் கடித்தபின் சிலருடைய உடம்பு அதைப் பகையாக எடுத்துக்கொள்கிறது. அப்புறம் காட்டுப்பன்றியும் ஆகாது, நாளைக்கு டுபாய்க்கு வேலைக்குப் போனால் ஒட்டகமும் ஆகாது. கோழியிலும் மீனிலும் அந்தச் சர்க்கரை இல்லை.

அமெரிக்காவில் இந்த ஒவ்வாமையை ஆராய்ந்த டாக்டர் தோமஸ் பிளாட்ஸ்-மில்ஸையே 2007இல் மலையேறப் போன இடத்தில் உண்ணி கடித்தது. சில மாதம் கழித்து, ஆட்டிறைச்சி சாப்பிட்டுப் படுத்தவர் நடுச்சாமத்தில் உடம்பு தடித்து எழுந்தார். இறால் ஒத்துக்கொள்ளாதவனுக்குப் பெரும்பாலும் சில நிமிடத்திலேயே தெரிந்துவிடும். இதுவோ 2 முதல் 6 மணித்தியாலம் கழித்துத்தான் காட்டும். ஒரு துண்டு தின்றுபார்த்து, ஒன்றும் ஆகவில்லை என்று தட்டை நிரப்பிவிடாதே.

உனக்கு இருப்பது இதுதானா என்பதை இரத்தப் பரிசோதனை பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும். மாட்டிறைச்சியின் புரதமே ஒத்துக்கொள்ளாதவர்களும் உண்டு. பதுளை பெரியாஸ்பத்திரியில் ஒருமுறை காட்டிவிடு.

இன்னொன்று. மரையும் மானும் 1937இல் வந்த வனவிலங்குச் சட்டத்தாலும் அதன் திருத்தங்களாலும் காக்கப்பட்டவை. களவாகக் கைமாறும் இறைச்சிக்கு விற்பவன் சொல்வதுதான் பேர். மாட்டையே மரை என்று கொடுத்தாலும் மசாலாவில் வெந்தபின் யார் கண்டுபிடிப்பது?

எப்போதாவது சாப்பிட்டபின் உதடு, தொண்டை வீங்கினாலோ, மூச்சு இழுத்தாலோ, தலை சுற்றினாலோ பிரிட்டன் என்ற ஒவ்வாமைக் குளிசையை விழுங்கிவிட்டுக் காத்திருக்காதே. 1990க்கு அடி. அம்புலன்ஸ் வரும்வரை காலை உயர்த்திப் படு. மூச்சு முட்டினால் சாய்ந்து உட்கார். தொடையில் போடும் அட்ரினலின் ஊசிதான் முதல் மருந்து.

விருந்து வீட்டில், "எனக்கு ஒத்துக்காது, கோழி இருந்தால் போடுங்கள்" என்று வெட்கப்படாமல் சொல். பன்றிக் கறியில் விட்ட கரண்டியைக் கோழிக் கறியில் விடவேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்.

அன்புடன்,
மாமா