மரப்பாவையும் மாறிவரும் அவையும்

திருக்குறளின் நாணுடைமை அதிகாரம் அரியதோர் உவமையோடு நிறைவுறுகிறது. உள்ளத்தில் நாணமில்லாதவர் நடமாடுவது, கயிற்றால் இயங்கும் மரப்பாவை உயிருடையதுபோல் மயக்குவதை ஒக்கும் என்கிறார் வள்ளுவர். நாண் என்னும் சொல் நாணத்தையும் கயிற்றையும் ஒருங்கே குறிப்பது இவ்வுவமையின் நயமாகும். பாவைக்கூத்தை நன்கறிந்த மக்களுக்கே இவ்வுவமை விளங்கியிருக்கும் என்பது தெளிவு.

கத்புத்லி

மரப்பாவை என்னும் அதே பொருளுடைய பெயர் இராஜஸ்தானிலும் வழங்குகிறது. 'காத்' என்பது மரம். 'புத்லி' என்பது பாவை. பட் இனத்தார் வழிவழியாகப் பேணிவரும் கூத்து இது. தமிழகப் பொம்மலாட்டத்தில் பாவையின் கயிறுகள் கலைஞர் தலையில் அணியும் வளையத்தில் கட்டப்பெறும். பாவையின் கைகளைக் கம்பிகள் இயக்கும். கத்புத்லியிலோ கயிறு விரல்களிலேயே தங்கும். பாவைக்குக் கால்கள் இல்லை. நீண்ட பாவாடையின் சுழற்சியே அதன் நடை. கலைஞர் வாயில் வைத்து ஊதும் சீழ்க்கையே அதன் குரல். டோலக் வாசிப்பவர் அவ்வொலியைப் பாட்டாலும் உரையாலும் விளக்குவார். ஷாஜகானின் அவையில் 1644இல் வாளுருவிய அமர்சிங் ராத்தோரின் வரலாறே இதன் புகழ்பெற்ற கதை.

புதிய அவை

தேவிலால் சாமர் உதய்ப்பூரில் 1952இல் பாரதீய லோக் கலா மண்டலை நிறுவி, இக்கலையைப் புதிய அரங்கிற்கேற்பச் செம்மைப்படுத்தினார். புக்கரெஸ்ட் நகரின் பன்னாட்டுப் பாவை விழாவில் 1965இல் அக்குழு முதற்பரிசு பெற்றது. மொழியறியாத அவையும் பாவையின் அசைவைப் புரிந்துகொண்டது என்பதை இவ்வெற்றி உணர்த்துகிறது. இன்று சுகாதாரம், கல்வி முதலிய பொருள்களைப் பாவை வழியே கூறுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கருத்து புதிதாக இருக்கலாம்; ஆனால் நீண்ட வசனம் எழுதினால் பாவை பேச்சிற்குத் துணைநிற்கும் வெறும் பொம்மையாகிவிடும். பாவைநாடகம் கலைஞரின் விரலுக்காக எழுதப்பட வேண்டியது.

கலைஞரின் நிலை

பாவையைப் போற்றும் நாம் அதனை ஆட்டுவிப்பவரை மறந்துவிடுகிறோம். தில்லியின் கத்புத்லி குடியிருப்பு பல தலைமுறைக் கலைஞர்களின் இருப்பிடமாக விளங்கியது. அங்கு வாழ்ந்த பூரண் பட் 2003ஆம் ஆண்டிற்கான சங்கீத நாடக அகாதமி விருது பெற்றவர். அக்குடியிருப்பு மறுசீரமைப்பிற்காக 2017இல் இடிக்கப்பட்டது. அருங்காட்சியகம் பாவையைக் காக்கும். விரலின் பயிற்சியைக் காக்காது. அது தந்தையிடமிருந்து மகனுக்குக் கைவழியே செல்வது. கல்லூரிகள் இக்கலைஞர்களை விழாநாள் வேடிக்கைக்கு மட்டும் அழைக்காமல், பயிற்றுவிக்கும் ஆசிரியர்களாக அழைத்துத் தக்க ஊதியம் அளித்தல் வேண்டும். அவ்வாறு செய்தால் பாவையின் கயிறு அடுத்த தலைமுறையின் விரலையும் சென்றடையும்.