4 பக்கத்துக்கு ஒரு கேள்வி

அன்புள்ள தங்கைக்கு,

உன் வரைவைப் படித்தேன். மாநாடு கேட்பது 4 பக்கக் குறுங்கட்டுரை, உன்னிடம் இருப்பதோ 11 பக்கம். எதை வெட்டலாம் என்று கேட்டிருக்கிறாய். எதையும் வெட்டாதே. அதை ஓரமாக வைத்துவிட்டுப் புதிதாக எழுது. எல்லாப் பகுதியிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளினால் முறையும் அரைகுறை, முடிவும் அரைகுறை என்றாகிவிடும். குறுங்கட்டுரைக்கு ஒரு கேள்வி, ஒரு விடை, அதை நம்ப வைக்கும் சான்று, இவ்வளவு போதும்.

உன் வரைவில் கேள்விகள் மூன்று. நீ செய்த கூட்டு எடிட்டர் எவ்வளவு வேகமானது? மாணவர்களுக்கு அது பிடித்ததா? ஒருவர் எழுதிய புரோகிராமை மற்றவர் திருத்தத் தயங்குவது ஏன்? முதல் இரண்டையும் விட்டுவிடு. ஒரே ஆவணத்தில் பலர் ஒரே நேரத்தில் தட்டும்போது திருத்தங்கள் மோதாமல் பார்த்துக்கொள்ளும் வழியை எல்லிஸும் கிப்ஸும் 1989-லேயே எழுதிவிட்டார்கள். அதன் பிறகு அந்தப் பாதையில் நிறையப் பேர் நடந்திருக்கிறார்கள். பிடித்ததா என்று கேட்டால், செய்தவள் எதிரே நிற்கும்போது யாரும் ‘பிடிக்கவில்லை’ என்று சொல்லமாட்டார்கள்.

மூன்றாவதுதான் உன் சொத்து. எல்லோருக்கும் திருத்தும் அனுமதி இருந்தும், பிழையைக் கண்டவர் அதைத் தொடாமல், “உன் லைன்ல ஏதோ தப்பு இருக்கு, பாரு” என்று வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பியிருக்கிறார். இது 7-ஆம் பக்கத்தில் ஒரு பத்திக்குள் ஒளிந்து கிடக்கிறது. முதல் பக்கத்துக்குக் கொண்டு வா.

இந்தத் துறை பிறந்ததே இத்தகைய கேள்விகளுக்காகத்தான். 1984-இல் ஐரீன் கிரீஃபும் பால் கேஷ்மனும் நடத்திய பயிலரங்கில் ‘கணினி வழிக் கூட்டுப்பணி’ என்ற பொருளில் இதற்குப் பெயர் வைத்தார்கள். அதன் ஆங்கிலச் சுருக்கம் சி.எஸ்.சி.டபிள்யூ. 1986-இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் முதல் சி.எஸ்.சி.டபிள்யூ. மாநாடு நடந்தது. 1988 மாநாட்டில் ஜொனாதன் கிரூடின் வாசித்த கட்டுரையை அவசியம் படி. எல்லோருக்கும் ஒத்துவரும் கூட்ட நேரத்தைத் தானே கண்டுபிடிக்கும் நாட்காட்டி மென்பொருள் ஏன் எடுபடவில்லை என்று அதில் கேட்கிறார். பலன் கூட்டம் போடும் மேலாளருக்கு. தன் நேரத்தை விடாமல் பதிந்துவைக்கும் சிரமமோ மற்றவர்களுக்கு. உழைப்பவர் ஒருவர், பயனடைபவர் வேறொருவர் என்றால் அந்த ஏற்பாடு நிலைக்காது. உன் தரவிடமும் இதையே கேள்: பிழையைத் திருத்தினால் யாருக்கு வேலை, யாருக்கு லாபம், யாருக்கு மனத்தாங்கல்?

முன்னோடி ஆய்வுகளுக்கு அரைப் பக்கம் போதும். 30 பெயர்களை அடுக்குவதைவிட, உன் கேள்வியைத் தொட்டுப் போகும் நான்கைந்தை எடுத்துக்கொண்டு, அவர்கள் எங்கே நிறுத்தினார்கள், நீ எங்கே தொடங்குகிறாய் என்று சொல். பகிர்ந்து எழுதும் இடத்தில் மற்றவர் என்ன செய்கிறார் என்ற உணர்வு எப்படி வேலையை ஒழுங்குபடுத்துகிறது என்பதை டூரிஷும் பெல்லோட்டியும் 1992-இல் எழுதினார்கள். உன் மாணவர்களுக்கு அந்த உணர்வு இருந்தது. ஆனாலும் கை வைக்கவில்லை. உன் கட்டுரை நுழைய வேண்டிய இடைவெளி அதுதான்.

முறையை ஒளிவுமறைவின்றி எழுது: எத்தனை பேர், எந்த வகுப்பு, என்ன பணி, எப்படிக் குறிப்பெடுத்தாய். ஒரு கல்லூரியின் ஓர் ஆய்வகத்தை வைத்துக்கொண்டு ‘இந்திய மாணவர்கள்’ என்று தொடங்காதே. சிறிய ஆய்வு என்பதற்காக மதிப்பீட்டாளர் கோபப்படமாட்டார். சிறியதைப் பெரியதாகக் காட்டினால் படுவார். வாட்ஸ்அப் செய்திகளை எடுத்தாள அனுப்பியவர்களின் சம்மதம் வேண்டும். பெயர்களை மாற்று. தமிழில் வந்ததை ஆங்கிலத்தில் தருகிறாய் என்றால் அதையும் குறிப்பிடு.

இனி, நல்ல ஆய்வையும் வாசலிலேயே திருப்பி அனுப்பும் சில்லறைக் காரியங்கள். பெயர் மறைத்து மதிப்பிடும் மாநாடு என்றால் முகப்பில் பெயரை எடுத்தால் மட்டும் போதாது. நன்றியுரை, ஸ்கிரீன்ஷாட்டில் தெரியும் கல்லூரி லோகோ, கிட்ஹப் இணைப்பு, பிடிஎஃப் கோப்பின் பண்புகள், எல்லாவற்றையும் பார். உன் பழைய கட்டுரையை வேறொருவருடையதைச் சுட்டுவதுபோலச் சுட்டு. மாநாடு தந்த டெம்ப்ளேட்டில் எழுத்தளவையோ ஓரத்தையோ நோண்டி இடம் பிடிக்காதே. மேற்கோள் பட்டியல் பக்கக் கணக்கில் சேருமா என்பது மாநாட்டுக்கு மாநாடு மாறும். அந்த ஆண்டின் அறிவிப்பைப் படி. ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு மாநாடுகளுக்கு அனுப்பக் கூடாது. ஏ.ஐ. கருவியை ஆசிரியராகச் சேர்க்க ஏ.சி.எம். என்ற கணினியியல் சங்கம் அனுமதிப்பதில்லை, கட்டுரையின் உள்ளடக்கத்தை உருவாக்க அதைப் பயன்படுத்தினால் வெளிப்படையாகச் சொல்லவும் கேட்கிறது.

கடைசி நாளுக்குப் பக்கத்தில் ‘ஏ.ஓ.இ.’ என்று இருந்தால், பூமியின் ஏதாவது ஒரு மூலையில் அந்தத் தேதி மிச்சமிருக்கும் வரை அனுப்பலாம் என்று பொருள். நம் கடிகாரத்தில் மறுநாள் மாலை 5.29. அதை நம்பி உட்கார்ந்திருக்காதே, கடைசி மணியில் தளம் திணறும். முதல் நாளே ஒரு பிரதியை ஏற்றிவிடு. பெரும்பாலும் கடைசி நேரம் வரை மாற்றிக்கொள்ள விடுவார்கள்.

யார் யார் பெயர், எந்த வரிசையில் என்பதைக் கைடிடம் இப்போதே பேசு. ஏற்கப்பட்டால் ஆசிரியர்களில் ஒருவராவது பதிவுக் கட்டணம் செலுத்த வேண்டியிருக்கும். மாணவர் சலுகை உண்டா, கல்லூரி எவ்வளவு தரும் என்று அனுப்புமுன் விசாரி.

கட்டுரை ஏற்கப்படாமல் திரும்பி வந்தால் மதிப்பீட்டை இரண்டு நாள் கழித்து மறுபடி படி. ‘மதிப்பீட்டாளருக்குப் புரியவில்லை’ என்று தோன்றும் இடத்தில் எல்லாம் உன் வாக்கியத்தைத் திருத்து. மாநாட்டின் போஸ்டர் பிரிவோ பயிலரங்கோ இந்த அளவு ஆய்வுக்குப் பொருத்தமாக இருக்கும்; அங்கே உன் துறைக்காரர்களை நேரிலும் பார்ப்பாய்.

இப்போதைக்கு முதல் பத்தியை மட்டும் எழுது. கணினித் துறையில் இல்லாத ஒரு தோழியிடம் படிக்கக் கொடு. நீ கண்டுபிடித்தது என்ன என்று அவள் ஒரே வாக்கியத்தில் திருப்பிச் சொன்னால், அடுத்த பத்திக்குப் போ. சொல்ல முடியவில்லையென்றால், அவளிடம் வாயால் எப்படி விளக்கினாயோ அதையே எழுதி எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அக்கா