டெல்லூரியம் ஏன் முன்னால்?

கேள்வி: தனிம வரிசை அட்டவணையில் எடை கூடிய டெல்லூரியம் 52ஆம் இடத்திலும், எடை குறைந்த அயோடின் 53ஆம் இடத்திலும் இருக்கின்றன. பாடநூலில் அச்சுப்பிழையா?

பதில்: பிழையே இல்லை. நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். டெல்லூரியத்தின் அணு நிறை 127.6, அயோடினுடையது 126.9. 1869இல் அட்டவணையை வகுத்த மெண்டலீவுக்கும் இது உறுத்தியது. ஆனால் அயோடினின் குணம் குளோரின், புரோமினோடுதான் ஒத்துப்போகிறது. எனவே குணத்தை நம்பி இடம் கொடுத்தார். டெல்லூரியத்தின் எடையைத் தவறாக அளந்திருப்பார்கள் என்று எண்ணினார். இடம் சரி, காரணம்தான் தவறு.

காரணத்தைத் திறந்து காட்டியவர் ஹென்றி மோஸ்லி என்ற ஆங்கிலேய இளைஞர். 1913இல் தனிமங்கள் வெளியிடும் எக்ஸ் கதிர்களை ஒவ்வொன்றாக அளந்தார். அடுத்த தனிமத்துக்குப் போகும்போதெல்லாம் கதிரின் அதிர்வெண்ணின் வர்க்கமூலம் ஒரே அளவு ஏறியது, படிக்கட்டு போல. அந்தப் படிகளை எண்ணுவதுதான் அணு எண். அதாவது உட்கருவிலுள்ள புரோட்டான்களின் எண்ணிக்கை. வரிசையைத் தீர்மானிப்பது அதுவே, எடை அல்ல. டெல்லூரியத்துக்கு 52 புரோட்டான்கள்தான். ஆனால் இயற்கையில் கிடைப்பதில் பெரும்பகுதி நியூட்ரான் மிகுந்த 128, 130 ஐசோடோப்புகள். எடை கூடியது அதனால்தான். அயோடினோ இயற்கையில் 127 மட்டுமே.

படிகளில் விடுபட்ட இடங்களும் தெரிந்தன: 43, 61, 72, 75. நான்கும் பின்னர் நிரம்பின. மோஸ்லி அதைப் பார்க்கவில்லை. முதல் உலகப் போரில், 1915 ஆகஸ்டில், கலிப்போலியில் சுடப்பட்டு இறந்தார். வயது 27. இன்றும் மனம் ஆறாத இழப்பு.