முப்பது மீட்டர் மோகம்

செமஸ்டர் முடிந்து அந்தமானின் ஹேவ்லாக் தீவில் வந்து இறங்கும் கல்லூரிப் பிள்ளைகளிடம் எந்த ஸ்கூபா டைவ் செய்யப் போகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். சிலர் நண்பனின் ரீல்ஸைக் காட்டுவார்கள். சிலருக்கு வீட்டிலேயே முடிவாகியிருக்கும்: "பணம் கட்டுறதுதான் கட்டுற, பெரிய சர்டிபிகேட்டாவே வாங்கிட்டு வா." தனக்கு எது ஒத்துவரும் என்று யோசித்து வந்தவரைப் பார்ப்பது அரிது.

இருக்கும் வழிகள் தெரிந்தவைதான். ஒருநாள் அனுபவ டைவில் பயிற்றுநர் உங்களைப் பிடித்தபடியே 12 மீட்டருக்குள் அழைத்துப்போவார்; நீச்சல்கூட வேண்டாம். ஓப்பன் வாட்டர் மூன்று நான்கு நாள் பயிற்சி. 200 மீட்டர் நீந்தி, பத்து நிமிடம் மிதந்து காட்டினால் 18 மீட்டர் வரை அனுமதி. பாடி, எஸ்.எஸ்.ஐ. என்ற இரு பயிற்சி அமைப்புகளின் அட்டைகளும் எங்கும் செல்லும். அதில் மண்டையைக் குழப்பிக்கொள்ளாமல், ஒரு பயிற்றுநருக்கு எத்தனை மாணவர் என்று கேளுங்கள். நான்குக்கு மேல் என்றால் நான் வேறு மையம் பார்ப்பேன்.

வம்பு மூன்றாவது வழியில்தான். ஓப்பன் வாட்டர் முடித்த கையோடு அட்வான்ஸ்டு, இரண்டும் ஒரே வாரத்தில். முதலாவதில் நான்கு டைவ், அடுத்ததில் ஐந்து. மொத்தம் ஒன்பது டைவ் போட்டவர் கையில் 30 மீட்டருக்கான அனுமதி!

அந்த ஆழத்தில் என்ன இருக்கிறது? கடலில் 10 மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 30 மீட்டரில் இழுக்கும் ஒவ்வொரு மூச்சும் மேலே நான்கு மூச்சுக்கு ஆகும் காற்றைச் சிலிண்டரிலிருந்து உறிஞ்சும். புதியவர் பதற்றத்தில் இன்னும் வேகமாகக் காலி செய்வார். பாடி அட்டவணைப்படி 12 மீட்டரில் 147 நிமிடம், 18 மீட்டரில் 56, 30 மீட்டரில் வெறும் 20 நிமிடம்தான் இருக்கலாம். சிவப்பு நிறம் முதல் சில மீட்டர்களிலேயே மங்கிவிடுவதால், டார்ச் இல்லாமல் அங்கே எல்லாமே நீலச் சாம்பல். நைட்ரஜன் மயக்கம் வேறு: இரண்டு பெக் போட்டவனின் அசட்டுத் துணிச்சல் வரும், வந்தது அவனுக்கே தெரியாது. தண்ணீர் 28 டிகிரி, மூன்று மில்லிமீட்டர் சூட் போதும், குளிர் எச்சரிக்காது. இதமான கடலில் ஆழம் உறைக்கவே உறைக்காது.

ஹேவ்லாக்கின் ஆழமான டைவ் தளங்களான டிக்சன்ஸ் பினக்கிள், ஜானிஸ் கார்ஜ் இரண்டும் அருமையான இடங்கள். மறுக்கவில்லை. ஆனால் அவை நீரில் அசையாமல் நிற்கத் தெரிந்தவருக்கு. எனக்கு ஒருபக்கச் சாய்வு உண்டு: எட்டு, பத்து மீட்டரில் ஒரே பவளத்திட்டின் முன் சிலிண்டர் தீரும்வரை மிதந்துகொண்டிருப்பதுதான் என் டைவ். வளையிலிருந்து எட்டிப் பார்க்கும் மாண்டிஸ் இறால் அவசரக்காரர் கண்ணில் படாது. மிதப்பு கைவராதவர் பவளத்தை உதைத்துக்கொண்டே போவார். 2010இல் கடல் சூடேறி அந்தமான் பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. அதிலிருந்து மீள முயல்பவற்றின் மேல்தான் அந்த உதை.

ஆகவே ஓப்பன் வாட்டரோடு நிறுத்தி, மிச்சப் பணத்தில் லைட்ஹவுஸ் போன்ற ஆழமில்லாத இடங்களில் கூடுதல் டைவ் போடுங்கள். பெற்றோரே, இந்த அட்டை எந்த நேர்காணலிலும் மார்க் வாங்கித் தராது. சிலருக்குக் காது மெதுவாகத்தான் சமனாகும். சிலருக்கு முகமூடிக்குள் தண்ணீர் புகுந்தாலே உயிர் போய்விடும். அவர்களைத் துரத்தாதீர்கள். தயங்கித் தயங்கிக் கற்றவர்கள் பின்னாளில் பதறாத டைவர்களாவதைப் பார்த்திருக்கிறேன். பயம் போகவே இல்லையென்றாலும் குற்றமில்லை. எலிஃபண்ட் பீச்சில் ஸ்நார்கெல் போட்டு மிதந்தாலே பவளம் தெரியும். மருத்துவப் படிவத்தில் ஆஸ்துமாவை மறைத்து 'இல்லை' என்று டிக் அடிப்பதுதான் குற்றம்.

தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் தெளிவு. மே பிற்பாதியில் பருவமழை வந்துவிடும். தொடர்ந்து டைவ் செய்தவர் விமானம் ஏற 18 மணி நேரமாவது விட வேண்டும். போர்ட் பிளேரிலிருந்து காலை ஏழு மணி விமானம் என்றால், முந்தைய நாள் பகல் ஒரு மணிக்கு முன்பே கரையேறியிருக்க வேண்டும். அன்றே போர்ட் பிளேருக்குக் கப்பலும் பிடிக்க வேண்டியிருப்பதால் அந்த நாளை டைவ் கணக்கில் சேர்க்காமலேயே திட்டம் போடுங்கள், மையத்துக்காரர் "ஒண்ணே ஒண்ணு போலாம் வாங்க" என்று கூப்பிட்டாலும்.