மரங்களுக்கு நடுவே முதல் டிராக்டர்: வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு



2018 நவம்பர் 16 அதிகாலையில் அடித்த கஜா புயலுக்குப் பிறகு, பேராவூரணி, பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு பக்கம் நம்மில் பலர் தென்னையை மட்டும் நம்பி இருக்கக் கூடாது என்று முடிவு செய்தோம். தென்னைக்கு இடையிலும் ஓரத்திலும் தேக்கு, மகோகனி, மலைவேம்பு, பலா, எலுமிச்சை என்று கலந்து வைத்தோம். அந்தக் கன்றுகள் இன்று ஆளை மறைக்கும் மரங்கள். தோப்பு பாதி காடாகிவிட்டது. மண் குளிர்ந்திருக்கிறது, குருவி வருகிறது, எல்லாம் சரி. ஆனால் மட்டை பொறுக்கவும், எரு சுமக்கவும், புல் வெட்டவும் ஆள் கிடைப்பதில்லை. அதனால் இயக்கக் கூட்டங்களில் இப்போது அடிக்கடி வரும் கேள்வி: "சார், சின்ன டிராக்டர் ஒண்ணு வாங்கிப் போட்டுடலாமா?"

டிராக்டர் சாணி போடாது என்று நாம் சொல்லிக்கொள்வது உண்டு. உண்மைதான். வீட்டில் உழவு மாடும் அதைப் பார்த்துக்கொள்ள ஆளும் இருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்கு வேண்டாம். இல்லாதவர்கள்தான் நம்மில் அதிகம். அவர்களுக்காக எழுதுகிறேன். வங்கியில் இருந்த காலத்தில் டிராக்டர் கடன் விண்ணப்பங்கள் பல என் மேசைக்கு வந்திருக்கின்றன. நிலத்தைப் பார்த்து வாங்கியவர் தவணை கட்டினார். பக்கத்து வீட்டு வண்டியைப் பார்த்து வாங்கியவர் வண்டியையும் கொடுத்து, மீதிக் கடனையும் சுமந்தார். புயலில் மரம் போய், அந்தக் கடனே இன்னும் தீராத குடும்பங்கள் இருக்கின்றன. அதன் மேல் இரும்புக் கடன் ஏறக் கூடாது.

1. வண்டிக்கு முன்னால் வேலைப் பட்டியல்

கடைக்குப் போகும் முன் ஒரு நோட்டில் ஒரு வருட வேலையை எழுதுங்கள். என் 8 ஏக்கரில் (5 ஏக்கர் தென்னை, 2 ஏக்கர் தடிமரம், 1 ஏக்கர் பழமரம்) வண்டிக்கு உள்ள வேலை இது:

- புல், களை வெட்டி மூடாக்காகப் போடுவது, வருடம் 4 முறை: 48 மணி
- மட்டை, இலை, தழை ஏற்றிப் பரப்புவது: 40 மணி
- 45 நாளுக்கு ஒரு தேங்காய் வெட்டு, ஆக 8 வெட்டு. காயைக் களத்துக்கு இழுப்பது: 32 மணி
- தொழுவுரம், மண்புழு உரம் கொண்டு போவது: 30 மணி
- சணப்பு, தக்கைப்பூண்டு விதைக்கக் கீறிவிடுவதும், பூக்கும்போது வெட்டி மடக்குவதும்: 20 மணி
- கிளை, விறகு, தடி இழுப்பது: 15 மணி

மொத்தம் 185 மணி நேரம். இதில் உழவு எவ்வளவு என்று பாருங்கள். பசுந்தாள் விதைக்க மண்ணைக் கீறுவது மட்டும்தான். மற்றதெல்லாம் வெட்டுவதும் சுமப்பதும். மரத்தோப்பில் டிராக்டர் என்பது முதலில் வண்டி, அப்புறம்தான் கலப்பை. நெல் வயலுக்கு வண்டி பார்ப்பதற்கும் நமக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். விற்பனையாளர் எடுத்ததும் "எத்தனை கலப்பை இழுக்கும்" என்று ஆரம்பிப்பார். நீங்கள் "எந்த இடுக்கில் நுழையும், எவ்வளவு சுமக்கும்" என்று கேளுங்கள்.

2. டேப்பை எடுத்து அளங்கள்

25 அடிக்கு 25 அடி நட்ட தென்னையில் இடைவெளி தாராளம் என்று தோன்றும். தென்னையின் உணவு உறிஞ்சும் வேரில் பெரும்பகுதி தூரிலிருந்து சுமார் 6 அடி சுற்றளவுக்குள் இருக்கிறது. நாம் வட்டப்பாத்தி எடுப்பதும் அந்த அளவுக்குத்தான். அதற்குள் சக்கரமும் கலப்பையும் போகக் கூடாது. இரண்டு பக்கமும் 6 அடி கழித்தால் நடுவில் 13 அடி மிச்சம். அந்த நடுவில் ஒரு வரிசை எலுமிச்சை வைத்திருந்தால் வழி இரண்டாகப் பிரிந்து, எலுமிச்சையின் கிளை போக ஒவ்வொரு பக்கமும் 4, 5 அடிதான் தேறும்.

தரையில் அளந்தால் மட்டும் போதாது. புயலுக்குப் பிறகு வைத்த தென்னைகள் பலவற்றில் மட்டை இன்னும் ஆள் உயரத்தில்தான் தொங்குகிறது. இளந்தென்னைக்கு 4 வயதிலிருந்து 8 வயது வரை இதுதான் நிலை. தரையில் 13 அடி இருக்கும் வழி, ஓட்டுநர் உட்காரும் உயரத்தில் 6 அடி கூட இருக்காது. 7 அடிக் கம்பு ஒன்றை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வரிசையிலும் நடந்து பாருங்கள். கம்பு எங்கெல்லாம் தட்டுகிறதோ அங்கெல்லாம் உங்கள் தலை தட்டும்.

மூன்றாவது, வரிசையின் முடிவு. வேலிக்கும் கடைசி மரத்துக்கும் நடுவில் வண்டி திரும்ப இடம் வேண்டும். டிரெய்லர் மாட்டினால் இன்னும் அதிகம் வேண்டும். தலைமாட்டில் இடம் இல்லாதவர்கள் ஒரு பக்கம் நுழைந்து மறு பக்கம் வெளியேறும்படி பாதை அமைக்க முடியுமா என்று பாருங்கள்.

சின்ன டிராக்டர்கள் பெரும்பாலும் மூன்றரையிலிருந்து நாலடி அகலம். 45 எச்.பி. வண்டி சுமார் 6 அடி. உங்கள் ஆகக் குறுகிய வழியிலிருந்து 2 அடி கழியுங்கள். கிடைப்பதுதான் நீங்கள் வாங்கக்கூடிய வண்டியின் அதிகபட்ச அகலம். மாட்டும் கருவிக்கும் இதே அளவுதான்.

3. எச்.பி. எவ்வளவு?

சந்தையில் மகிந்திரா யுவராஜ் 215, ஸ்வராஜ் 717 ஆகியவை 15 எச்.பி.; வி.எஸ்.டி. சக்தி 180டி 18.5 எச்.பி.; கேப்டன் 200 20 எச்.பி.; மகிந்திரா ஜீவோ 245, குபோட்டா நியோஸ்டார் பி2441 இரண்டும் 24 எச்.பி. அளவு. இன்னும் பல உண்டு. பெயரை விட மூன்று எண்களைக் கேளுங்கள்.

ஒன்று, பி.டி.ஓ. தண்டில் எத்தனை எச்.பி. வருகிறது? புல்வெட்டியும் மட்டை தூளாக்கும் கருவியும் அந்தத் தண்டில்தான் சுழல்கின்றன. எஞ்சினில் 24 இருந்தாலும் தண்டில் நாலைந்து குறையலாம். இரண்டு, பின்பக்கத் தூக்கி எத்தனை கிலோ தூக்கும்? மூன்று, வண்டியின் எடை. பெரிய வண்டி சுமார் 2 டன். சின்ன வண்டி ஒரு டன்னுக்கும் கீழே. ஐந்தாறு வருடம் மூடாக்குப் போட்டு மண்ணைப் பொலபொலப்பாக்கியவருக்கு இந்த வித்தியாசம் பெரிய சொத்து.

தென்னை மட்டையைத் தூளாக்கும் கருவிக்கென்று பெரிய டிராக்டர் வாங்க வேண்டாம். அந்தக் கருவிகளில் பலவற்றுக்கு 35 எச்.பி. அல்லது அதற்கு மேல் கேட்கிறார்கள். வருடம் இரண்டு மூன்று நாள் வேலை அது. கருவியோடு வாடகைக்கு எடுப்பதே மேல். நமக்கு 15 முதல் 24 எச்.பி.க்குள் எல்லாம் நடந்துவிடும்.

4. இரண்டு சக்கரமா, நான்கு சக்கரமா?

சமமான, மணற்பாங்கான செம்மண், சுமை குறைவு என்றால் பின்சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டி போதும், விலையும் குறைவு. ஐப்பசி, கார்த்திகையில் ஈரம் காயாத மண்ணிலும், மேடு பள்ளத்திலும் எருவோடு டிரெய்லர் இழுக்க வேண்டும் என்றால் நான்கு சக்கர இழுவை நல்லது. சக்கரம் வழுக்கிச் சுற்றும் இடத்தில்தான் மண் குழைந்து இறுகுகிறது. நான்கும் இழுத்தால் வழுக்கல் குறையும்.

ஆனால் எந்த வண்டியானாலும் ஈர மண்ணில் இறக்காமல் இருப்பதே முதல் வைத்தியம். ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டிப் பாருங்கள். உருண்டையாக ஒட்டி நின்றால் அன்று வண்டிக்கு விடுமுறை. எப்போதும் ஒரே தடத்தில் ஓட்டுங்கள். அந்தத் தடம் மட்டும் இறுகட்டும், மற்ற இடம் மண்புழுவுக்கு.

5. எந்தக் கருவி முதலில்?

என் வரிசை: முதலில் டிரெய்லர், அடுத்து புல்லைத் தரைக்கு மேலே வெட்டிப் போடும் ஸ்லாஷர், மூன்றாவது 5 கொத்துக் கலப்பை. ரொட்டவேட்டர் என் பட்டியலில் இல்லை. "சார், ரொட்டவேட்டர் இல்லாம டிராக்டரா?" என்று கடையில் சிரித்தார்கள்.

கணக்குப் பார்த்தேன். 90,000 ரூபாய்க் கருவி, வருடம் 15 மணி வேலை. தேய்மானம், வட்டி, டீசல் எல்லாம் சேர்த்தால் வாடகைக்கு எடுப்பதும் சொந்தமாக வைப்பதும் கிட்டத்தட்ட ஒரே செலவு. அப்படியானால் பணம் முடிவு செய்யவில்லை, மண் முடிவு செய்தது. ரொட்டவேட்டர் மேல் மண்ணைப் பொடியாக்கி, அடிமண்ணில் கெட்டித் தட்டு உண்டாக்கும்; மேலோட்டமாக ஓடும் மரவேர்களையும் அறுக்கும். வீட்டில் ஒன்று நின்றால் கை சும்மா இருக்காது. நாலு புல் தெரிந்தால் ஓட்டத் தோன்றும். சணப்பையும் தக்கைப்பூண்டையும் ஸ்லாஷரால் வெட்டி அப்படியே மூடாக்காக விடுகிறேன்.

6. வாங்குவதா, வாடகையா?

இப்போது பணக்கணக்கு. வண்டி 6 லட்சம், மூன்று கருவியும் 1,80,000, ஆக 7,80,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

- 10 வருடம் கழித்து 2,30,000க்கு விற்கலாம் என்றால், தேய்மானம் வருடம் 55,000
- சராசரி முதலீடு சுமார் 5 லட்சத்துக்கு 10 சதவீத வட்டி: 50,000
- காப்பீடு, கொட்டகை, வருட பராமரிப்பு: 15,000

வண்டி நின்றாலும் ஓடினாலும் வருடம் 1,20,000 ரூபாய் செலவு. கையில் உள்ள பணத்தில் வாங்கினாலும் வட்டியைக் கணக்கில் சேருங்கள். அந்தப் பணம் வைப்பில் இருந்தால் வட்டி வந்திருக்கும் அல்லவா? ஓடும்போது டீசல், ஆயில், தேய்பொருள், ஓட்டும் கூலி சேர்த்து மணிக்கு 400. எங்கள் பக்கம் வாடகை மணிக்கு 1,000 என்று வைத்தால், சொந்த வண்டியில் மணிக்கு 600 மிச்சம். 1,20,000ஐ 600ஆல் வகுங்கள்: 200. வருடம் 200 மணி நேரம் ஓடினால்தான் சொந்த வண்டி கட்டுபடியாகும்.

என் வேலை 185 மணிதான். 15 மணி குறைகிறது. 3, 4 ஏக்கர்காரருக்கு இடைவெளி இன்னும் பெரிது. இதற்கு மூன்று வழி உண்டு. பக்கத்துத் தோப்புக்காரர் இரண்டு பேரோடு பேசிப் பயன்பாட்டையும் செலவையும் பகிர்வது. நல்ல பழைய வண்டி பார்ப்பது. வாங்காமல் வாடகையிலேயே ஓட்டுவது. நான் முதல் வழியை எடுத்தேன். இரண்டு தோப்பிலும் சேர்த்து 60 மணி வேலை. யாருக்கு எந்தக் கிழமை, டீசல் யார், கருவி உடைந்தால் யார் என்பதை முதலிலேயே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். "நமக்குள்ள எதுக்கு சித்தப்பா பேப்பரு?" என்று ஒரு தம்பி கேட்டார். நமக்குள் என்பதால்தான் பேப்பர்.

வாடகை என்பவர்கள் வேளாண் பொறியியல் துறையின் வாடகை வண்டிகளை உழவன் செயலியில் பாருங்கள். அங்கு உங்கள் வழியில் நுழையும் அகலத்தில் வண்டி இருக்கிறதா என்பதே கேள்வி.

7. கடன், மானியம்

5 லட்சம் கடன், 10 சதவீத வட்டி, 5 வருடம், அரையாண்டுத் தவணை என்றால் ஒரு தவணை சுமார் 64,750 ரூபாய். அரையாண்டில் நமக்கு 4 வெட்டு. அதில் ஒரு வெட்டின் நிகர வரவுக்குள் தவணை அடங்க வேண்டும் என்பது நான் வைத்திருக்கும் அளவு. அடங்கவில்லையா, கடன் தொகையைக் குறையுங்கள் அல்லது ஒரு வருடம் பொறுங்கள். மாதத் தவணை வேண்டாம், வெட்டுக்கு ஏற்ற அரையாண்டுத் தவணை வேண்டும் என்று வங்கியில் கேளுங்கள். கேட்பவருக்குத்தான் கிடைக்கும்.

மத்திய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு, பெண், ஆதிதிராவிட, பழங்குடி உழவர்களுக்கு 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40 சதவீதம் வரை, உச்சவரம்புக்கு உட்பட்டு மானியம் உண்டு. இந்த ஆண்டு உங்கள் வட்டாரத்தில் எந்த வண்டிக்கு ஒதுக்கீடு என்பதை உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேட்டு, ஒப்புதல் கைக்கு வந்த பிறகே பணம் கட்டுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. பழைய விலைப்பட்டியலை வைத்துப் பேரம் பேசாதீர்கள். மானியம் கிடைக்கிறதே என்று வாங்காதீர்கள். பாதி விலையில் வாங்கிய வேண்டாத வண்டியும் வேண்டாத வண்டிதான்.

8. உயிர்க் கணக்கு

மரத்தோப்பில் டிராக்டர் ஓட்டுபவர் நான்கு விஷயங்களை மறக்கக் கூடாது.

- தடி, வேர்க்கட்டை இழுக்கும்போது சங்கிலியைத் தாழ்வான இழுவைக் கொக்கியில் மட்டும் மாட்டுங்கள். மேல் இணைப்பிலோ அச்சிலோ மாட்டி இழுத்தால் முன்சக்கரம் தூக்கி, வண்டி பின்னால் மல்லாந்து ஓட்டுபவர் மேலேயே விழும்.
- கவிழ்ந்தாலும் ஆளைக் காக்கும் இரும்பு வளைவு மடக்கக் கூடியதாக இருந்தால் தாழ்ந்த கிளைக்கு அடியில் போகலாம். வெளியே வந்ததும் நிமிர்த்திப் பெல்ட் போடுங்கள்.
- பி.டி.ஓ. தண்டுக்கு மூடி இல்லாமல் ஓட்டாதீர்கள். வேட்டி, லுங்கி, தோள்துண்டு வேண்டாம். தண்டு இழுத்தால் கையை எடுக்க நேரம் இருக்காது. ஸ்லாஷர் ஓடும்போது அருகில் யாரும் நிற்கக் கூடாது, கல் தெறிக்கும்.
- ரேடியேட்டர் வலையில் சருகு அடைக்கும், சைலன்சர் பக்கம் காய்ந்த பன்னாடை ஒட்டும். கோடையில் இரண்டு மணிக்கு ஒருமுறை நிறுத்தித் தட்டிவிடுங்கள். மூடாக்குப் போட்ட தோப்பில் ஒரு பொறி போதும்.

கடைசியாக, கடை முற்றத்தில் ஓட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வண்டியை உங்கள் தோப்புக்கே வரவழைத்து, ஆகக் குறுகிய வரிசையில் ஸ்லாஷரோடும், எரு ஏற்றிய டிரெய்லரோடும் அரை நாள் ஓட்டச் சொல்லுங்கள். வர மறுப்பவர் பழுது பார்க்கவும் வரமாட்டார். 20 கிலோமீட்டருக்குள் சர்வீஸ் இருக்கிறதா, அந்த வண்டிக்கு உதிரிபாகம் எத்தனை நாளில் வருகிறது என்பதை, ஏற்கெனவே வைத்திருக்கும் இரண்டு உழவர்களிடம் கேளுங்கள்.

நோட்டு, டேப், 7 அடிக் கம்பு. இந்த மூன்றும் சேர்த்து இருநூறு ரூபாய் ஆகாது. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் வேலைப் பட்டியலையும் ஆகக் குறுகிய வழியின் அளவையும் எழுதி எடுத்து வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து கணக்குப் போடுவோம். 200 மணி தேறாத தோப்புகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால், ஒரு வண்டியில் மூன்று வீட்டு வேலை நடக்கும்.