முந்திரி பூக்கும் நேரம்: தேன் அறையை எங்கே ஏற்றுவது?

ஆண்டிமடம், செந்துறை, ஜெயங்கொண்டம் பக்கத்து முந்திரித் தோப்புகள் தை, மாசியில் பூத்துக் கிடக்கும். அரியலூர் மாவட்டத்தில் தேன்பெட்டி வைத்திருப்பவர்களுக்கு இதுதான் வரும்படிக் காலம். இப்போதே பெட்டியைத் திறந்து, புழு அறையின் ஏழு சட்டங்களில் எத்தனையை ஈக்கள் முழுதாக மூடியிருக்கின்றன என்று பாருங்கள். ஐந்தாறு சட்டம் நிறைந்து, மேல்கட்டையை ஒட்டிப் புது மெழுகு வெள்ளை வெளேரென்று தெரிந்தால் தேன் அறையை ஏற்றலாம். இரண்டு மூன்று சட்டத்தில்தான் ஈ இருக்கிறதென்றால், பக்கத்துத் தோப்புக்காரர் ஏற்றிவிட்டாரே என்று அவசரப்படாதீர்கள். காவலுக்கு ஈ இல்லாத அடையில் மெழுகுப்பூச்சி முட்டை வைக்கும். அது பெருகினால் நம் நாட்டுத் தேனீ எதிர்த்து நிற்காது, பெட்டியையே காலி செய்துகொண்டு போய்விடும்.

ஏற்றுவது புழு அறைக்கு மேலேதான். மரப்பொந்தில் தேனீ அடையை மேலிருந்து கீழ்நோக்கித்தானே கட்டுகிறது, புதுப் பெட்டியையும் கீழே வைத்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. பிரான்சில் எமில் வாரே என்ற பாதிரியார் அப்படியே ஒரு பெட்டி வடிவமைத்தார். அதில் காலிப் பெட்டி எப்போதும் அடியில்தான் போகும். ஆனால் அங்கே புழு வளர்ப்பு மெல்லக் கீழே இறங்க, முன்பு புழு வளர்ந்த அடைகளில் தேன் நிரம்பும். அந்த அடையையே அறுத்தெடுத்துத் தேனை வடிப்பார்கள். நாம் வைத்திருப்பது நியூட்டன் பெட்டி. இதில் புழுச் சட்டம் உயரமானது, தேன் சட்டம் அதில் பாதி உயரம்கூட இருக்காது. அடையைச் சிதைக்காமல் கருவியில் சுழற்றித் தேன் எடுத்துவிட்டு, அதே அடையைத் திருப்பிக் கொடுப்பதற்கான ஏற்பாடு இது. குட்டைச் சட்டத்தைக் கீழே வைத்தால் ராணி அதில் இறங்கி முட்டையிடும், பிறகு தேனோடு புழுவும் சேர்ந்து வரும். தேனீயின் இயல்பையும் ஒரு பாதி மட்டும் பார்த்துவிட்டுப் பேசக் கூடாது: கட்டுவது கீழ்நோக்கி என்றாலும், தேனைச் சேர்ப்பது தலைக்கு மேலே.

முதல் தேன் அறை முக்கால்வாசி நிறைந்ததும் இரண்டாவதை எங்கே வைப்பது? இங்கேதான் வாதம் சூடாகும். புழு அறைக்கும் நிறைந்த அறைக்கும் நடுவே செருகினால் ஈக்கள் சீக்கிரம் வேலையைத் தொடங்கும், கூடுதல் தேன் கிடைக்கும் என்பது பழைய நம்பிக்கை. அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெனிஃபர் பெர்ரியும் கீத் டெலாப்லேனும் இதைச் சோதித்து 2000-இல் வெளியிட்டார்கள். மேலே வைத்தாலும் நடுவே வைத்தாலும் தேன் அளவில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அது ஐரோப்பியத் தேனீ, நம் தேனீக்கு எப்படிப் பொருந்தும் என்று மறுக்கலாம். சரிதான். ஆனால் நம் தேனீயின் சுபாவத்தைப் பார்த்தால் மேலே வைப்பதற்கே காரணம் கூடுகிறது. கூட்டம் சிறியது, நடுவே காலி அறை புகுந்தால் கூட்டம் இரண்டாகப் பிளந்து நிற்கும். அடிக்கடி கலைத்தாலும் ஓடும் இனம் இது. உச்சியில் இருக்கும் அறையை மூடியைத் தூக்கியே பார்த்துவிடலாம், புழு அறைப் பக்கம் போகவே வேண்டாம். கூட்டம் மேலே ஏறத் தயங்குகிறதென்றால், கீழ்த் தேன் அறையிலிருந்து பாதி நிறைந்த ஒரு சட்டத்தை ஈயோடு தூக்கிப் புது அறையின் நடுவில் தொங்கவிட்டு, காலிச் சட்டத்தைக் கீழே மாற்றுங்கள்; அதைப் பிடித்துக்கொண்டே ஈக்கள் மேலே வந்துவிடும். அந்தச் சட்டம் அதே பெட்டியினுடையதாக இருக்கட்டும். 1991-92-இல் தாய் சாக்புரூட் வைரஸ் நோய் கேரளத்திலும் கன்னியாகுமரியிலும் பெட்டி பெட்டியாகக் காலி செய்தது. அடை மாற்றுவதும் அது பரவும் வழிகளில் ஒன்று. கூட்டம் பொங்கி வழிகிறது, கட்டி முடித்த காலி அடையும் கையில் இருக்கிறது என்றால் மட்டும் நடுவே செருகிப் பாருங்கள்.

பெரம்பலூர்க்காரர்களுக்கு வேறு கணக்கு. அங்கே பயிராகும் மக்காச்சோளம் மகரந்தம்தான் தரும், தேன் தராது. அதைத் தின்று புழு பெருகிக் கூட்டம் நெருக்கியடிப்பதைப் பார்த்து, தேன் வருகிறதென்று நினைத்து அறையை ஏற்றிவிடுகிறார்கள். முந்திரி எட்டாத ஊர்களில் பங்குனி, சித்திரையில் வேம்பு பூக்கும் வரை பொறுத்திருங்கள். அதற்குள் ராணிக் கூடு தொங்கினால் கூட்டத்தைப் பிரித்து இன்னொரு பெட்டியில் வையுங்கள். இத்தாலியத் தேனீயைப் பத்துச் சட்டப் பெட்டியில் வைத்திருப்பவர்களும் மேலேதான் ஏற்ற வேண்டும், இடுப்பை நினைத்தாவது.

முந்திரியில் தேயிலைக் கொசுவுக்கு மருந்து அடிப்பதும் இதே பூப்பருவத்தில்தான். தோப்புக்காரரிடம் முன்கூட்டியே பேசி, ஈக்கள் பெட்டிக்குத் திரும்பிய பிறகு, பொழுது சாய்ந்து அடிக்கச் சொல்லுங்கள். பூ ஓய்ந்ததும் மெழுகு மூடிய சட்டங்களில் மட்டும் தேன் எடுத்துவிட்டு, காலி அறைகளை இறக்கிவிடுங்கள். புழு அறையின் ஓரச் சட்டங்களில் இருக்கும் தேனில் கை வைக்காதீர்கள்.