எங்கே அடிபட்டது? உண்மையைச் சொல்லுங்க!

பிரஸ் மெஷினில் விரல் துண்டாகிவிட்டதா? துண்டை நேரடியாக ஐஸில் போடாதீர்கள். சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வைத்து, ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

'வீட்டில நடந்ததுன்னு சொல்லிடுப்பா, செலவை நான் பார்த்துக்கறேன்' என்பார் முதலாளி. பாவம், நல்ல மனுஷன் என்று தலையாட்டிவிடாதீர்கள்! விபத்துப் பதிவேட்டில் டாக்டர் எழுதும் அந்த ஒரு வரிதான் நாளைக்குச் சாட்சி.

இ.எஸ்.ஐ. உள்ளவருக்கு, சேர்ந்த முதல் நாளே வேலையில் அடிபட்டாலும் சலுகை உண்டு. காயம் ஆறும்வரை, வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம். விரலே போய்விட்டால், மருத்துவக் குழு ஊனத்தைக் கணக்கிடும். அதன்படி ஆயுள் முழுக்க மாதாமாதம் பணம். இ.எஸ்.ஐ. இல்லையா? நஷ்டஈடு முதலாளி பொறுப்பு. எதற்கும் ஏ.ஆர். காப்பியைக் கேட்டு வாங்கி, பீரோவில் வையுங்கள்.